காலித் தோட்டாவுக்கு எதற்கு இவ்வளவு கணக்கு?

சிங்கப்பூரில் தேசியச் சேவை முடித்தவர்களிடம் துப்பாக்கி சுடும் திடலைப் பற்றிக் கேட்டால், சுட்டதைவிடக் குனிந்து பொறுக்கியதைத்தான் அதிகம் சொல்வார்கள். பயிற்சி முடிந்ததும் தரையில் சிதறிக் கிடக்கும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி எண்ண வேண்டும். கொடுத்த கணக்கும் திரும்பிய கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தால் புல்லை விலக்கி விலக்கித் தேட வேண்டும். தன்னிடம் தோட்டாவும் இல்லை, காலிக் கூடும் இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறலாம். வெடித்து முடிந்த கூட்டை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று அந்த வெயிலில் பலருக்கும் தோன்றியிருக்கும்.

செய்ய நிறையவே இருக்கிறது. அமெரிக்காவின் மொண்டானாவில் அப்படி ஒரு கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் அதைக் கழுவித் துடைத்து, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்துத் திரும்பவும் சுடுவார். பெரிய துளை கொண்ட பழைய வேட்டைத் துப்பாக்கிகளை வைத்திருப்பவர்களுக்கு இது வேலைப்பாடு மிகுந்த ஒரு கலை, பலருக்கு வேறு வழியில்லாத தேவையும்கூட. கடையில் அவர்களுடைய தோட்டா கிடைப்பதில்லை. ஒரு நாட்டில் சனிக்கிழமைப் பொழுதுபோக்காக இருப்பது இன்னொரு நாட்டில் சிறையும் பிரம்படியும் வாங்கித் தரும் என்றால், இரண்டில் ஒன்று மிகை என்றுதான் முதலில் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டை எண்ணும் சார்ஜண்டும் கூட்டைக் கழுவும் வேட்டைக்காரரும் தெரிந்து வைத்திருப்பது ஒரே சங்கதியைத்தான். தோட்டாவின் நான்கு உறுப்புகளில் கேப்பு வெடித்து வீணாகிறது, மருந்து எரிந்து போகிறது, குண்டு பறந்து போகிறது. மிஞ்சுவது கூடு மட்டும். அது இருந்தால் மற்ற மூன்றையும் எப்படியாவது தேடிக்கொள்ளலாம். இது இன்று நேற்று வந்த தெளிவும் அல்ல. இந்தியாவை ஆண்ட வெள்ளைக்கார அரசு இதைச் சட்டமாகவே எழுதி வைத்தது. அதற்குப் போகுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கூடு வருவதற்கு முன்பு தோட்டா என்பது காகிதப் பொட்டலம். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கு அளந்த மருந்தும் ஈயக் குண்டும் வைத்துச் சுருட்டிய பொட்டலம் வந்தது. சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை மேலிருந்து இடித்து இறக்க வேண்டும். சுடுகிறவன் ஒவ்வொரு வேட்டுக்கும் தானே மருந்து கெட்டித்தான் என்று சொல்லலாம். குண்டு வழுக்கி இறங்குவதற்காகப் பொட்டலத்தில் கொழுப்புத் தடவியிருந்தது. அது மாட்டுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற கேள்வி கல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைக்கலச் சாலையில் கிளம்பி, 1857இல் எங்கே போய் நின்றது என்பது பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் அதிகம் வராத ஒன்று உண்டு. விஷயம் முற்றுவதற்குள் அதிகாரிகள் முன்வைத்த சமாதானம், சிப்பாய்களே கடைத்தெருவில் நெய்யும் தேன்மெழுகும் வாங்கித் தங்கள் தோட்டாவுக்குத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்பது. பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையும் மாற்றப்பட்டது. காலம் கடந்துவிட்டிருந்தது. இன்றைக்கும் கரிமருந்துத் துப்பாக்கிக்கு ஈயக் குண்டு வார்ப்பவர்கள் தடவுவது தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்த அதே வகைக் களிம்புதான். எந்த விலங்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

சிங்கப்பூருக்கும் அந்த ஆண்டின் சூடு வந்து சேர்ந்தது. அப்போது இந்தத் தீவு கல்கத்தாவின் ஆளுகையில் இருந்தது. காவலுக்கு மெட்ராஸ் காலாட்படைச் சிப்பாய்கள். அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குச் சிப்பாய் லைன்ஸ் என்ற பெயர் ஊட்ரம் பக்கம் நெடுங்காலம் நிலைத்தது. பிராஸ் பாசா சாலையில் இந்தியக் கைதிகளின் சிறை. மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்ட அந்தக் கைதிகள்தான் சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். 1857இல் அவர்களும் கிளம்பிவிடுவார்களோ என்று ஊர் ஐரோப்பியர்கள் நடுங்கினார்கள்.

இரண்டே ஆண்டில் அந்தக் கைதிகள் கையில் அரசே துப்பாக்கியைக் கொடுத்தது. காரணம், புலி. மிளகு, கம்பியர் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டிக்கொண்டு உள்ளே போன சீனத் தொழிலாளர்களைப் புலிகள் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு நாளைக்கு ஓர் ஆள் என்று சொல்லப்பட்ட கணக்கு மிகையாக இருக்கலாம், ஆனால் பயம் மிகையில்லை. புலிக்குப் பரிசுத்தொகை வைத்தும் போதவில்லை. 1859இல், நன்னடத்தையுள்ள கைதிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து மஸ்கெட் துப்பாக்கியோடு புக்கிட் தீமா பக்கத்துக் காட்டுக்குள் அனுப்பினார்கள். கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சிங்கப்பூரில் பெரிய விலங்கை நோக்கி மருந்து கெட்டித்த முதல் இந்தியர்களில் இவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பரங்கி வேட்டைக்காரர்களின் படங்கள் தொங்கும் சுவர்களில் இவர்களுக்கு இடமில்லை. ஒரு வேட்டு தவறினால் அடுத்ததைக் கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். புலி அரை நிமிடம் காத்திருக்காது.

அந்த அரை நிமிடத்தைச் சில நொடிகளாகச் சுருக்கியதுதான் பித்தளைக் கூடு. 1860களில் லண்டனை அடுத்த உல்விச் படைக்கலச் சாலையில் எட்வர்டு பாக்ஸர் என்ற அதிகாரி, மருந்து, குண்டு, கேப்பு மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் கூடு ஒன்றைச் செய்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கரான ஹைரம் பெர்டான் வேறொரு முறையைக் கண்டார். பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு துளை. மேலிருந்து ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் வெடித்த கேப்பு கீழே விழுந்துவிடும். பெர்டான் முறையில் நடுவே ஒரு முளை, அதன் பக்கங்களில் நுண்ணிய துளைகள். கம்பி நுழையாது, கேப்பை நெம்பித்தான் எடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் ஊன்றியது, அமெரிக்கரின் முறை ஐரோப்பாவுக்கும் பிரிட்டிஷ் பெருந்தோட்டாக்களுக்கும் போனது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தோட்டா கட்டும் பழக்கம் பரவியதற்கும், இந்தியாவிலும் மலாயாவிலும் வேட்டையாடிய தோட்ட முதலாளிகள் பெட்டி பெட்டியாக கைனாக் கம்பெனித் தோட்டாவையே வரவழைத்ததற்கும் இந்த ஒற்றைத் துளை ஒரு முக்கியக் காரணம். குணமோ மரபோ என்று பெரிய காரணம் தேடுகிறவர்கள் முதலில் கூட்டைத் திருப்பி அடியைப் பார்க்கலாம்.

1871இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்ரி ஒற்றை வேட்டுத் துப்பாக்கி. விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இறக்கினால் பின்பக்கக் கட்டை தாழ்ந்து காலிக் கூட்டைத் தள்ளும்; புதியதை வைத்து ஏற்றினால் அடுத்த வேட்டு. அதன் .577/450 தோட்டாவில் 85 கிரெய்ன் கரிமருந்து, 480 கிரெய்ன் குண்டு. அதாவது குண்டு மட்டும் 31 கிராம். இன்று தேசியச் சேவையில் சுடும் 5.56 மில்லிமீட்டர் குண்டு நான்கு கிராம் அளவில் நின்றுவிடும். முதலில் மார்ட்டினித் தோட்டாவின் கூட்டை மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தார்கள். சூடேறிய குழலில் அது ஒட்டிக்கொண்டு, அடிப்பாகம் மட்டும் பிய்ந்து வந்தது. சூடான் பாலைவனத்தில் இதனால் உயிர்கள் போனபின், ஒரே துண்டாக இழுத்து வடித்த கூட்டுக்கு மாறினார்கள்.

அந்த இழுத்து வடித்த கூட்டுக்கு இந்திய மழைக்காலத்தில் வேறொரு நோய் வந்தது. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மழை மாதங்களில் படைகள் முகாமுக்குள் முடங்கும்போது தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை விட்டுத் திறந்து பார்த்தால் சுடாத தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டிருந்தன. எரிந்த வெடிப்பு அல்ல. உலோகத்தில் நெடுக்காக ஓடிய பிளவு. பருவம் பார்த்து வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, மழைக்காலத்து ஈரம், கூட்டை இழுத்து வடிக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் வந்த வினை. மூன்றில் ஒன்றை விலக்கினாலும் பிளவு வராது. குதிரையையும் மழையையும் விலக்க முடியாது, இறுக்கத்தை விலக்கலாம். வடித்தபின் கூட்டை இளஞ்சூட்டில் வாட்டி எடுத்தால் போதும்.

தேக்காவில், பஃபளோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும், குத்துவிளக்கு விற்கும் கடைகளில் பித்தளையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இராது. அடிக்க அடிக்கப் பித்தளை விறைக்கும், விறைத்ததை மேலும் அடித்தால் பிளக்கும், நெருப்பில் காட்டினால் மறுபடி இளகும் என்பது பாத்திரத் தொழிலாளிக்குக் கைப்பழக்கம். தோட்டா கட்டுகிறவரும் இதையே செய்கிறார். ஒவ்வொரு வேட்டிலும் கூடு விரிகிறது, ஒவ்வொரு முறையும் அச்சில் செலுத்தி நெரிக்கும்போது சுருங்குகிறது. சில சுற்றுக்குப் பிறகு வாய் விறைத்துக் கீறல் விடும். அதனால் வாய்ப்பகுதியை மட்டும் தீயில் காட்டி இளக்குவார்கள். அடிப்பாகத்துக்குச் சூடு போகவே கூடாது. அங்கே இளகினால் வெடியின் அழுத்தத்தைக் கூடு தாங்காது. அதற்குப் பின்னால் இருப்பது சுடுகிறவரின் முகம். மினுமினுப்புக்காக அம்மோனியா கலந்த பாலிஷ் போடக்கூடாது என்பது இவர்களிடையே இன்றும் உள்ள எச்சரிக்கை. அதன் ஊற்றுக்கண் நம் பக்கத்துக் குதிரை லாயம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி அந்தச் சட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா மருந்து வந்தது. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் வாசலினும் கலந்து கயிறு போல இழுத்த கார்டைட்தான் பிரிட்டிஷாரின் மருந்து. அதை இந்தியாவிலேயே செய்ய 1903இல் நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் தொழிற்சாலை தொடங்கினார்கள். அது இன்றும் இயங்குகிறது. ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் அருவங்காடு நிலையத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். கரிமருந்துக் காலத்து .450 துளைத் துப்பாக்கிகள் கார்டைட்டால் யானையையே சாய்க்கும் வலிமை பெற்றன. இந்தியாவில் வேட்டையாடும் வெள்ளைக்காரர்களிடையே .450தான் வழக்கமான பெருந்துளை ஆயிற்று.

அங்கேதான் அரசு விழித்துக்கொண்டது. படையில் ஓய்வுபெற்ற மார்ட்டினி-ஹென்ரிகள் வடமேற்கு எல்லையிலும் பிற இடங்களிலும் அரசுக்கு ஆகாதவர்கள் கைக்குப் போயிருந்தன. அவற்றின் துளையும் .450. கனவான்கள் தோளில் மாட்டிக்கொண்டு போகும் வேட்டைத் தோட்டாவைத் திருடியோ வாங்கியோ பிரித்தால், அதிலுள்ள குண்டைக் காலி மார்ட்டினிக் கூட்டில் வைத்துக் கட்டிவிடலாம். 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 துளை வேட்டைத் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. கையால் தோட்டா கட்ட முடியும் என்ற ஒரே எண்ணம் ஒரு துளை அளவையே சட்டத்திலிருந்து துடைத்துப் போட்டது. பிரிட்டிஷ் துப்பாக்கிக் கம்பெனிகள் தலையில் அடித்துக்கொண்டு .465, .470, .475, .476 என்று அரை நூலிழை வித்தியாசத்தில் புதுத் துளைகளைக் கண்டுபிடித்தன. ஆப்பிரிக்க யானை வேட்டைக் கதைகளில் புகழ்பெற்ற .470, இந்திய அரசின் இந்தப் பயத்தில் பிறந்த பிள்ளைகளில் ஒன்று.

தடை பின்னால் போய்விட்டது, தர்க்கம் போகவில்லை. இன்றைய இந்தியச் சட்டத்திலும் தடைசெய்த துளை, தடைசெய்யாத துளை என்ற பிரிவு இருக்கிறது. படை பயன்படுத்திய .303 குடிமக்களுக்குக் கிடைக்காது. அவர்களுக்கென்று அரசு ஆலைகள் செய்வது .315. படையின் தோட்டா குடிமகன் துப்பாக்கிக்குள் நுழையக்கூடாது என்பதே கணக்கு.

சிங்கப்பூருக்கும் இந்தப் பயம் புதிதல்ல. 1915 பிப்ரவரி 15 அன்று இங்கே அலெக்சாண்ட்ரா முகாமில் ஐந்தாம் இலகு காலாட்படையின் சிப்பாய்கள் கிளர்ந்தது, தோட்டாப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த பிற்பகலில். அடக்கியபின் 47 பேரை ஊட்ரம் சிறைச் சுவருக்கு வெளியே பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள். தோட்டா யார் கையில் இருக்கிறது என்பதில் இந்த ஊர் கூர்மையாக இருப்பதற்கு அந்த வாரம் ஒரு தொடக்கம்.

தமிழ்நாட்டுக் காட்டுக்கு வருவோம். பெரிய துளை, நெம்புகோல் துப்பாக்கி என்ற இரண்டும் சேர்ந்த நம் பக்கத்து எடுத்துக்காட்டு கென்னத் ஆண்டர்சன். 1910இல் பிறந்து 1974இல் மறைந்த பெங்களூர்க்காரர். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் என்று அன்றைய சேலம் மாவட்டக் காடுகளில் ஆளைத் தின்ற புலிகளையும் சிறுத்தைகளையும் துரத்தியவர். அவர் கையிலிருந்தது 1895 மாதிரி வின்செஸ்டர், .405 துளை. பொதுவாக நெம்புகோல் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னதின் மூக்கு முன்னதின் கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டு வைத்தால், சுடும் அதிர்ச்சியில் மூக்கு கேப்பை இடித்துக் குழாயே வெடிக்கலாம். அதனால் தட்டை மூக்குக் குண்டுதான் வைக்க வேண்டும், அது அதிர்ச்சியில் உள்ளே நழுவாதபடி கூட்டின் வாயை மடித்து இறுக்கவும் வேண்டும். ஆண்டர்சனின் வின்செஸ்டரில் அதன் வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் இந்தக் குழாயை எடுத்துவிட்டு விசைக்கு முன்னால் பெட்டி வைத்தார். அது செலுத்தியது 300 கிரெய்ன் குண்டு. 1909இல் ஆப்பிரிக்கா போன தியோடர் ரூஸ்வெல்ட்டும் சிங்கத்துக்கு இதையே நம்பினார்.

ஆண்டர்சனின் முதல் நூல் வெளியான 1954ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே வின்செஸ்டர் கம்பெனி .405 தோட்டா செய்வதை நிறுத்தியது. துப்பாக்கி செய்வது அதற்கு முன்பே நின்றிருந்தது. கையில் நல்ல துப்பாக்கி, கடையில் தோட்டா இல்லை. பின்னர் கைனாக்கும் பெருந்தோட்டாக்களைக் கைவிட்டபோது இரட்டைக்குழல் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதி. உலகெங்கும் பெருந்துளைத் தோட்டா கட்டும் கலை வளர்ந்தது இந்த இடைவெளியில்தான். ஹார்னடி கம்பெனி .405ஐ மறுபடி செய்யத் தொடங்கியது புது நூற்றாண்டு பிறந்தபின்.

மார்ட்டினியின் கதை இதைவிட விசித்திரம். பிரிட்டிஷாரிடம் பெற்றதும் தாங்களே செய்ததுமாக நேபாள அரசு சேர்த்து வைத்திருந்த மார்ட்டினி வகைத் துப்பாக்கிகள் காட்மாண்டுவில் ஒரு பழைய அரண்மனையில் நூறாண்டாகத் தூங்கின. 2003இல் அமெரிக்க வணிகர்கள் அவற்றை மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். வாங்கியவர்களுக்குத் தோட்டா? பிரேசிலில் செய்யும் 24 எண் பித்தளை ஷாட்கன் கூட்டை எடுத்து, அச்சில் படிப்படியாக நெரித்துக் கழுத்தை ஒடுக்கினால் .577/450 கூடு வந்துவிடும் என்று கண்டுகொண்டார்கள். 1907இல் இந்திய அரசு பயந்தது இந்த வகைக் கைத்திறனுக்குத்தான். பயம் வீணில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வேகம் எங்கும் இருக்காது. 1873இல் பிறந்த அமெரிக்க .45-70ஐ எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே கணக்கு இருக்கிறது: அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு துளை, 70 கிரெய்ன் கரிமருந்து. கூட்டை அச்சில் விட்டு நெரிக்கும்போதே ஊசி பழைய கேப்பைத் தள்ளிவிடும். ஒற்றை வேட்டுத் துப்பாக்கி என்றால் வாய்ப்பக்கத்தை மட்டும் லேசாக நெரித்தால் போதும், ஏனென்றால் கூடு அந்தத் துப்பாக்கியின் அறைக்கேற்ப ஏற்கெனவே விரிந்து படிந்திருக்கிறது. நெம்புகோல் துப்பாக்கிக்கு முழுதாக நெரிக்க வேண்டும், இல்லாவிட்டால் விலங்கு எதிரே நிற்கும்போது பாதியில் சிக்கும். பிறகு வாயைப் பூப்போலச் சற்றே விரிப்பார்கள். விரிக்காமல் ஈயக் குண்டை அழுத்தினால் பித்தளை விளிம்பு ஈயத்தைச் சீவிவிடும். கரிமருந்து என்றால் கூட்டுக்குள் காற்றிடம் விடக்கூடாது. முழ நீளத்துக்கு மேல் இருக்கும் குழாய் வழியாக மெல்லச் சரியவிட்டால் மணிகள் நெருங்கிப் படியும். அதன் மேல் ஓர் அட்டை, அதன் மேல் குண்டு. சுட்டபின் அன்றே கழுவ வேண்டும். எரிந்த கரிமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சும். ஆண்டு முழுதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் சிங்கப்பூர் மாதிரி ஊரில் மறுநாள் காலைக்குள் பச்சை பூத்துவிடும்.

ஆபத்து புகையில்லா மருந்தில்தான். கரிமருந்துக்காக வடித்த பெரிய கூட்டில் புகையில்லா மருந்து அடியில் ஒரு சிட்டிகை மணல்போலக் கிடக்கும். தவறி இரண்டு முறை கொட்டினாலும் வெளியே வழியாது. அதனால் குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பது இவர்களுக்கு அனுஷ்டானம் மாதிரி. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே .45-70 தோட்டா மூன்று விதமான துப்பாக்கிகளுக்குள் போகும்: 1870களின் ஸ்பிரிங்ஃபீல்டு, நெம்புகோல் வகையான மார்லின், இரும்புக் கோட்டை போன்ற ஒற்றை வேட்டு ரூகர். ரூகர் சிரித்துக்கொண்டே தாங்கும் மருந்து ஸ்பிரிங்ஃபீல்டைப் பிளந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தோட்டாக்களில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆலைத் தோட்டாக்கள் எல்லாவற்றிலும் நோஞ்சானான துப்பாக்கியை நினைத்து, 28,000 பிஎஸ்ஐ அழுத்தத்தை மேல்வரம்பாக வைத்துச் செய்யப்படுவது இதனால்தான். வெப்பமும் கணக்கில் வரும். கார்டைட் சூட்டில் அழுத்தத்தைக் கூட்டும் என்பதால், இந்தியாவுக்கு அனுப்பிய வேட்டைத் தோட்டாக்களில் மருந்தைக் கொஞ்சம் குறைத்துத் தனியாக விற்றார்கள்.

மிச்சம் பிடிக்கத்தான் கட்டுகிறோம் என்று இந்தக் கலைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மிச்சமாகும் காசுக்கும் சேர்த்துச் சுட்டுவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கலை பித்தளைக் கூட்டுக்கு வந்து சேரவேயில்லை. நரிக்குறவர்களிடமும் மலையோர விவசாயிகளிடமும் இருந்தது குழல்வாய் வழியே கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. கரிமருந்து, மேலே தேங்காய் நார், பால்ரஸ் குண்டுகள், அதற்கு மேலும் நார், பின்பக்கம் கேப்பு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றமாயிற்று, துப்பாக்கி மட்டும் பன்றி விரட்ட என்று தங்கியது. ஆண்டர்சன் நடந்த அதே தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைகளில், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுங்கள் என்று காவல்துறை ஊர் ஊராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் துப்பாக்கிக்குக் கூடு தேவையில்லை என்பதுதான் அரசுக்கு இதில் உள்ள தலைவலி. எண்ணிப் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை.

சிங்கப்பூர் அந்தத் தலைவலிக்கு இடமே வைக்கவில்லை. இங்கே கடைசிக் காட்டுப் புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. அதற்கு முன்பே, 1902இல், சர்க்கஸிலிருந்து தப்பி ராஃபிள்ஸ் ஹோட்டல் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் பதுங்கிய புலியை ராஃபிள்ஸ் கல்விக்கழகத் தலைமையாசிரியர் ஃபிலிப்ஸ் சுட வேண்டி வந்தது. அதுவே இந்த ஊரில் புலி வேட்டை கதையாகிப் போனதன் அடையாளம். 1967இல் தேசியச் சேவையோடு சேர்ந்து சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனமும் பிறந்தது. படைக்கான 5.56 தோட்டாவைச் செய்த அந்த நிறுவனத்தின் ஒரு பிரிவாகத்தான் மறு ஆண்டு சிங்கப்பூர் நாணயச்சாலையும் தொடங்கியது. உலோகத்தை அழுத்தி வடிக்கத் தெரிந்தவர்களுக்குத் தோட்டாக் கூடும் காசும் ஒரே பட்டறை வேலை. இந்த ஊரில் தோட்டா செய்யத் தெரியும், செய்கிறார்கள், தனியாளுக்குத்தான் இடமில்லை.

சட்டம் சுற்றி வளைக்காமல் பேசுகிறது. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டப்படி, துப்பாக்கியையோ தோட்டாவையோ அனுமதியின்றி வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, ஆறு பிரம்படிக்குக் குறையாது. சுட்டாலோ சுட முயன்றாலோ மரண தண்டனை. வெடிபொருள் செய்வதற்கும் வைத்திருப்பதற்கும் உரிமம் வேண்டும். சிதறிக் கிடந்த விதிகளைச் சேர்த்துத் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1972 முதல் பட்டாசுக்கே தடை உள்ள ஊர் இது. தீபாவளிக்குச் சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கு எரியும், ஒரு ஊசி வெடி கேட்காது. விளையாட்டாகச் சுடுகிறவர்களுக்குச் சங்கங்களும் சுடுதளமும் இருக்கின்றன. காமன்வெல்த் தங்கம் வென்ற ஜாஸ்மின் செர் இங்கிருந்து வந்தவர்தான். ஆனால் அங்கே சுடுவது சிறு துளையும் காற்றுத் துப்பாக்கியும் ஷாட்கன்னும். 480 கிரெய்ன் ஈயத்துக்கு இந்தத் தீவில் இலக்கு ஏது? பின்னால் மண்மேடும் அதற்குப் பின்னால் ஆளில்லாத மைல்களும் வேண்டும். புக்கிட் தீமாவில் ரைஃபிள் ரேஞ்ச் ரோடு என்று பெயர் தாங்கிய சாலையை ஒட்டி 2022இல் திறந்தது இயற்கைப் பூங்கா.

இது இழப்பா என்று சிலர் கேட்கலாம். ஒரு கைத்தொழில் ஓர் ஊரில் வேர்விடாமல் போவது எப்போதுமே கொஞ்சம் இழப்புதான். ஆனாலும் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில், பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவருக்கு மறுபுறம், ஒருவர் மருந்து நிறுத்துக்கொண்டிருப்பதை நினைத்தால் நான் சார்ஜண்ட் பக்கம்தான் நிற்பேன். ஆர்வம் உள்ளவர்கள் நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ உரிமம் உள்ள நண்பர்களோடு போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்கிறார்கள். ஊர் திரும்பும்போது நினைவுப் பொருளாகச் சாவிக்கொத்தில் ஒரு .45-70 கூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிட வேண்டாம். சாங்கியில் பைகளைப் பார்க்கும் அதிகாரிக்கு அது காலியா, கெட்டித்ததா என்பது இரண்டாவது கேள்வி. அனுமதித் தாள் எங்கே என்பதே முதல் கேள்வி.